புளியரை ரோட்டு நர்சரி: வீட்ல நாய் பூனை இருந்தா செடி வாங்கப் போறதுக்கு முன்னாடி இத படிச்சிட்டு போங்க

செங்கோட்டையில இருந்து புளியரை போற ரோட்டுல வயக்காடு முடிஞ்சு தென்னந்தோப்பு ஆரம்பிக்கிற இடத்துல பச்சை நெட் கட்டி ஒரு நர்சரி இருக்கு. பேரு போர்டு கிடையாது. கேட்டுக்குப் பக்கத்துல சிமெண்ட் தொட்டியில ஆள் உயரத்துக்கு ஒரு செம்பருத்தி நிக்கும், அதுதான் அடையாளம். புரட்டாசி கடைசி வாரம் முதல் தடவை போனேன், அதுக்கப்புறம் நாலு தடவை போயாச்சு, அங்க வாங்குன செடி எல்லாம் ஐப்பசி கார்த்திகை ரெண்டு மாச மழையும் நனைஞ்சாச்சு, வீட்டுக்கு வந்த விருந்தாளிக் கூட்டத்தையும் பாத்தாச்சு, இப்ப எழுதினாத்தான் சரியா இருக்கும்னு எழுதுறேன்.

கடைய நடத்துறது ஒரு அண்ணாச்சியும் அவங்க வீட்டம்மாவும். வீட்டம்மா கேரளாவுல புனலூர்க்காரங்க, வர்றவங்க எல்லாரும் சேச்சின்னுதான் கூப்பிடுறது. பேச்சு பாதி தமிழ் பாதி மலையாளம், எங்க ஊர்ல இது ஒண்ணும் புதுசு இல்ல, 1956 நவம்பர் 1ஆம் தேதி வரைக்கும் செங்கோட்டை திருவிதாங்கூர் கொச்சியிலதான இருந்துச்சு, எங்க தாத்தா பத்திரமெல்லாம் இன்னும் மலையாளத்துலதான் கிடக்கு.

நான் போய் நின்னதும் சேச்சி என்ன செடி வேணும்னு கேக்கல. "மோளே, வீட்டுல பட்டி உண்டா, சின்னப் பிள்ளைக உண்டா?"ன்னுதான் கேட்டாங்க. என் கூட வந்த அத்தை சங்கரன்கோவில் பக்கம், அவங்களுக்கு பட்டின்னா ஆட்டுப்பட்டிதான், "ஆடெல்லாம் வித்தாச்சு தாயி"ன்னு சொல்லிட்டாங்க. நாயத்தான் கேக்குறாங்கன்னு நான் சொன்னேன். ஒரு நாய், ஒரு பூனை, ரெண்டு பிள்ளைங்க, கார்த்திகை பிறந்தா வீடு நிறைய ஆள் வரும்னு எல்லாத்தையும் சொன்னதுக்கு அப்புறம்தான் உள்ள கூட்டிட்டுப் போனாங்க. எத்தனையோ செடிக்கடை ஏறி இறங்கியிருக்கேன், இப்படி ஒரு கேள்விய யாரும் கேட்டதில்ல. அந்தக் கேள்வி எனக்கு ஏன் அவ்வளவு பெருசாப் பட்டுச்சுன்னா போன வருஷம் நடந்தத சொல்லணும்.

போன வருஷம் ஐப்பசி. வேற ஒரு கடையில ரோஜாவுக்கும் மல்லிக்கும் உரம் கேட்டேன், "இது இயற்கை உரம்க்கா, எல்லாச் செடிக்கும் போடலாம், ஒண்ணும் செய்யாது"ன்னு ஒரு அஞ்சு கிலோ பை குடுத்தாங்க. நானும் சாயங்காலம் தொட்டிக்கெல்லாம் ரெண்டு ரெண்டு கை போட்டுட்டு மிச்சத்த திண்ணையில வச்சிட்டு வந்துட்டேன். எங்க பொன்னிக்கு, நாட்டு நாய்தான், அப்ப ரெண்டு வயசு, அந்த வாசம் பிடிச்சுப்போச்சு போல, பையக் கிழிச்சு எவ்வளவு தின்னுச்சுன்னே தெரியல, ராத்திரி பூரா நல்லாத்தான் படுத்துக் கிடந்துச்சு, மறுநாள் மத்தியானம் வாந்தி ஆரம்பிச்சுது, சாயங்காலம் ரத்தமாப் போக ஆரம்பிச்சுது, எந்திரிக்கவே முடியல. ஆட்டோல தூக்கிப் போட்டுட்டு டாக்டர்கிட்ட ஓடுனோம். அவரு என்ன தின்னுச்சுன்னு கேட்டு பையக் கொண்டு வரச் சொன்னாரு. பையில சின்ன எழுத்துல ஆமணக்குப் புண்ணாக்குன்னு போட்டிருந்துச்சு.

டாக்டர் சொன்னத அப்படியே சொல்றேன், எல்லாரும் தெரிஞ்சுக்கணும். ஆமணக்கு விதையில ரைசின்னு ஒரு கடும் விஷம் இருக்கு. எண்ணெய ஆட்டி எடுக்கும்போது அது எண்ணெயில போகாது, புண்ணாக்குலயே தங்கிரும். சரியா சூடு காட்டி அந்த விஷத்த முறிக்கலன்னா புண்ணாக்கும் விஷம்தான். அதுல கொடுமை என்னன்னா நாய்க்கு அந்த ருசி ரொம்பப் பிடிக்கும், தேடிப் போய்த் திங்கும். தின்ன உடனே ஒண்ணும் தெரியாது, பல மணி நேரம் கழிச்சுத்தான் காட்டும். இதுக்குன்னு மாத்து மருந்து கிடையாது, ட்ரிப்ஸ் போட்டு உடம்பத் தாங்கிப் பிடிக்கிறதுதான் வைத்தியம். நாலு நாள் காலையும் மாலையும் தூக்கிட்டுப் போய் ட்ரிப்ஸ் போட்டோம், என் சின்ன மகன் பள்ளிக்கூடம் போகமாட்டேன்னு அதுகூடவே சாக்குல படுத்துக் கிடந்தான், அஞ்சாம் நாள் கொஞ்சம் கஞ்சித்தண்ணி நக்குச்சு பாருங்க, அன்னைக்குத்தான் எங்களுக்கே சோறு இறங்குச்சு.

அதனாலதான் சேச்சி கேட்ட கேள்வி எனக்கு அப்படி இருந்துச்சு. நான் உரம்னு வாயத் திறந்ததும் அவங்களே ஆமணக்கு வேணாம், எலும்புத்தூள் வேணாம்னு சொல்லிட்டாங்க. எலும்புத்தூள் வாசத்துக்கு நாய் தொட்டிய நோண்டி செடிய வேரோட வெளிய போட்டுரும், மண்ணோட சேத்துத் தின்னா வயித்துல கட்டியா அடைச்சுக்கும். கடலைப்புண்ணாக்கும் அந்த மாதிரி மோப்பம் இழுக்குறதுதான். வேப்பம்புண்ணாக்கு கசக்கும், பொன்னி மோந்து பாத்துட்டுப் போயிருச்சு, அதோட சரி. மண்புழு உரமும் வேப்பம்புண்ணாக்கும் தென்னை நார்க்கழிவும் செம்மண்ணும் கலந்து அவங்களே சாக்குல கட்டிக் குடுத்தாங்க. வேப்பம்புண்ணாக்கோட ட்ரைக்கோடெர்மா, அதாவது செடிக்கு நல்லது செய்ற ஒரு பூஞ்சை, கொஞ்சம் கலந்து ஒரு வாரம் நிழல்ல ஈரமா வச்சிட்டு அப்புறம் போடுங்க, மழைக்காலத்துல வேரழுகல் கட்டுப்படும்னு அண்ணாச்சி சொன்னாங்க. அதேபடி செஞ்சேன். போன மழையில ஏழு தொட்டி அழுகுச்சு, இந்த மழையில ஒண்ணுதான், அதுவும் அடித்துளை அடைச்சத நான் கவனிக்காம விட்டது.

நான் போனதே புஷ் பெப்பர் வாங்கத்தான், சேச்சி குற்றிக்குருமுளகுன்னு சொல்லுவாங்க. சாதா மிளகுக்கொடிக்கு ஏற ஒரு மரம் வேணும், எங்க வீட்டுல அதுக்கு இடம் இல்ல. காய்க்கிற பக்கக் கிளைய வெட்டி வேர் பிடிக்க வச்சா அது கொடியா ஏறாது, புதரா தொட்டியிலயே நின்னு முதல் வருஷமே திரி, அதாவது மிளகு மணி பிடிக்கிற சரம், விடும். அண்ணாச்சி வச்சிருக்கது பன்னியூர் 1, கேரளாவுல பன்னியூர் மிளகு ஆராய்ச்சி நிலையத்துல உருவாக்குன முதல் கலப்பின ரகம், திரி நீளமா இருக்கும், மணி திரட்சியா இருக்கும். இதுல ரெண்டு வகை வச்சிருக்காங்க. ஒண்ணு சொந்த வேர்ல நிக்கிறது. இன்னொண்ணு பிரேசில் திப்பிலியோட வேர்த்தண்டுல ஒட்டுக் கட்டினது. அந்தத் திப்பிலி சதுப்புல வளர்ற ஜாதி, மிளகுக்கொடிய ரெண்டே வாரத்துல கருக்கிப் போடுற வாடல் நோய் அதோட வேர அண்டாது. எங்க ஊர்ல ஆனி ஆடியில சாரல், ஐப்பசியில அடைமழை, கார்த்திகையில கனமழைன்னு மாத்தி மாத்தி தண்ணி நிக்கும், அதனால ஒட்டுதான் எடுத்துக்கோங்கன்னு சொன்னாங்க, 180 ரூபா. கூடவே கோடையில அது தண்ணி ரொம்பக் கேக்கும், ஒரு நாள் விட்டாலும் தலை தொங்கிரும், திப்பிலித் தண்டுல கீழ இருந்து தளிர் விட்டா உடனே கிள்ளிரணும், இல்லன்னா மிளகு போய் திப்பிலிதான் மிஞ்சும்னு குறையையும் சேத்தே சொன்னாங்க. அந்தத் திப்பிலி இலை எப்படி இருக்கும்னு ஒரு இலையப் பறிச்சு கையில குடுத்து விட்டாங்க, அத என் நோட்டுக்குள்ள வச்சிருக்கேன்.

இப்ப அதுல பதினோரு திரி இருக்கு. ஒரு கைப்பிடி பச்ச மிளகு பறிச்சு எலுமிச்சைச்சாறு உப்புல ஊறப்போட்டேன், கஞ்சிக்குத் தொட்டுக்க அப்படி இருந்துச்சு.

நான் ஆசைப்பட்டு அவங்க தர மாட்டேன்னதும் ஒண்ணு உண்டு. செங்காந்தள். எங்க ஆச்சி கார்த்திகைப்பூன்னு சொல்லுவாங்க, தமிழ்நாட்டு மாநிலப் பூ, இந்த மழையிலதான் வேலியெல்லாம் தீப்பிடிச்ச மாதிரி பூக்கும். நர்சரியில ஓரமா ஒரு கொடி அப்படிப் பூத்து நின்னுச்சு. எவ்வளவுன்னு கேட்டதுக்கு சேச்சி தலைய ஆட்டிட்டாங்க. கிழங்கு, விதை, இலை எல்லாத்துலயும் கோல்சிசின்னு ஒரு விஷம் இருக்கு, கிழங்குலதான் ஜாஸ்தி, பாக்க வள்ளிக்கிழங்கு மாதிரியே இருக்கும், நோண்டுற நாய் இருக்க வீட்டுல வைக்கக்கூடாதுன்னாங்க. விக்கிற பொருள வேணாம்னு சொல்ற கடைக்காரங்கள நான் நம்புவேன். எனக்கு வருத்தம்தான், அந்தப் பூவ நினைச்சா இப்பவும் ஆசையா இருக்கு, ஆனா போன வருஷம் பொன்னி கிடந்த கிடையும் கூடவே ஞாபகம் வருது.

அதே மாதிரி வாசல் அலங்காரத்துக்கு எல்லாரும் வாங்குற சைகஸ் பனைய நான் தொட்டதும் அதுவும் வேணாம்னுட்டாங்க, அதோட கொட்டை நாய் ஈரலக் கெடுத்துரும். டிஃபன்பேக்கியா, மணி பிளான்ட் ரெண்டும் வாய்ல போட்டா ஊசி குத்துன மாதிரி நாக்கு வீங்கும், கைக்குழந்தை வர்ற வீட்டுல மேல கட்டித் தொங்க விடுங்கன்னாங்க. கடைசில நான் எடுத்துட்டு வந்தது மிளகு ரெண்டு, செம்பருத்தி ரெண்டு, ரோஜா மூணு, குண்டுமல்லி ஒண்ணு, தெச்சி நாலு, அறைக்குள்ள வைக்க ஒரு அரிக்கா பனை. எல்லாமே நாய் பூனை கடிச்சாலும் பயப்பட வேண்டாத செடி.

தெச்சி எதுக்கு நாலுன்னு அத்தை கேட்டாங்க. நம்ம பக்கம் இட்லிப்பூன்னு சொல்லுவோம்ல, அதுதான். கார்த்திகை ஒண்ணாந்தேதி பிறந்தா எங்க வீடு சத்திரம் மாதிரி. கோவில்பட்டியில இருந்து மாமா வீட்டு ஆளுங்க, மதுரையில இருந்து எங்க சித்தப்பா கூட்டாளிங்க, எல்லாரும் மாலை போட்டு ஆரியங்காவு, குளத்துப்புழை, அச்சன்கோவில் பாத்துட்டு சபரிமலை போற வழியில எங்க வீட்டுலதான் ஒரு ராத்திரி தங்கல். மெட்ராஸ்ல இருந்து கொல்லம் போற ரயில்ல வர்றவங்க தனி. பூஜைக்குப் பூ வேணும், போன வருஷம் வரைக்கும் வேலியில நின்ன அரளியத்தான் பறிச்சோம். அரளி முழுச்செடியும் விஷம், இதயத்த நிறுத்துற விஷம், ஆடு மாடு தின்னாலும் ஆபத்துதான். 2024 மே மாசம் திருவிதாங்கூர் தேவசம் போர்டே கோயில் நைவேத்தியத்துலயும் பிரசாதத்துலயும் அரளிப்பூ வேணாம்னு நிறுத்திட்டாங்க, அதுக்குப் பதிலா துளசி, தெச்சின்னு போடச் சொல்லிட்டாங்க. சேச்சி இத சொன்னதும் அன்னைக்கு சாயங்காலமே எங்க வீட்டுக்காரர் அரளிய வெட்டிட்டாரு, வெட்டுனத எரிக்கவும் கூடாது, புகையும் ஆகாதுன்னு அண்ணாச்சி சொல்லியிருந்ததால குழி வெட்டிப் புதைச்சோம். இந்தக் கார்த்திகை பூரா சாமிமாருக்கு தெச்சி மாலைதான். செடிக்கு 60 ரூபா குடுத்தேன், நாலும் மழையில நின்னு கொத்துக் கொத்தா பூக்குது.

ஒரே ராத்திரியில பதினாலு பேர் வந்தப்ப, அதுல மூணு வயசுப் பிள்ளை ரெண்டு, அதுங்க நேரா தோட்டத்துலதான் போய் நின்னுச்சு, ஒண்ணு செம்பருத்தி இதழத் தின்னுக்கிட்டு இருக்கு. முன்னாடின்னா எனக்கு உசிரே போயிருக்கும். இந்தத் தடவை அடுப்படியில இருந்தே "திங்கட்டும் விடுங்க மைனி"ன்னு சொல்லிட்டு தோசையத் திருப்பிப் போட்டேன். நர்சரி பத்தி என்ன எழுதுனாலும் அந்த நிம்மதிதான் எனக்கு முதல்ல ஞாபகம் வருது. பொன்னிய பின்கட்டுல கட்டிப் போட்டாலும் விருந்தாளிங்க பாசத்துல பாயசத்தக் கொண்டு போய் ஊத்துவாங்க, அதுல கிடக்குற கிஸ்மிஸ் நாய்க்கு கிட்னியக் கெடுக்கும்னு இப்ப ஒரு அட்டையில எழுதி பின்கட்டுத் தூண்ல ஒட்டியிருக்கேன். இது நர்சரிக்கு சம்பந்தம் இல்லாதது, ஆனாலும் சொல்லணும்னு தோணுச்சு.

நத்தை விஷயம் ஒண்ணு பாக்கி இருக்கு. மழை பிடிச்சா எங்க பக்கம் ஆப்பிரிக்கப் பெரு நத்தை, கை அகலத்துக்கு, சுவரெல்லாம் ஏறும், ஒரே ராத்திரியில கன்னு பூரா மொட்டையாகும். நான் நத்தை மருந்து கேட்டேன், அந்த நீலக் குருணை. அண்ணாச்சி எடுத்துக் குடுக்கல. அதுல மெட்டால்டிஹைடுன்னு ஒரு விஷம் இருக்கு, நாய் அத தீவனம்னு நினைச்சுத் தின்னும், தின்னா வலிப்பு வந்துரும். அவங்க சொன்ன வழி சுலபம்தான், ஈரச்சாக்க மடிச்சு அதுக்கடியில பப்பாளி இலை, முட்டைக்கோஸ் இலையப் போட்டு வச்சா ராத்திரி எல்லாம் அங்க வந்து ஒட்டிக்கும், டார்ச் அடிச்சுப் பொறுக்கி உப்புத்தண்ணி வாளியில போடணும். வெறுங்கையால தொடவே கூடாது, அதுல இருக்க ஒரு புழு மனுஷனுக்கு மூளைக்காய்ச்சல் கொண்டு வரும், கிளவுஸ் போட்டுத்தான் எடுக்கணும். முதல் நாள் நாற்பத்தி மூணு பிடிச்சோம், பிள்ளைங்க எண்ணுனது. ஒரு வாரத்துல அஞ்சு ஆறாக் குறைஞ்சுது. செலவு ஒரு சாக்கு.

பூனை சின்னான் புது மண்ணப் பாத்தா கக்கூஸ்னு நினைச்சுக்கும், க்ரோபேக் வாங்குறவங்களுக்கு இந்தத் தொல்லை தெரியும். தேங்கா கதம்பைய, அதாவது மேல இருக்க நார் மட்டைய, துண்டு துண்டா வெட்டி மண்ணு மேல நெருக்கமா அடுக்கச் சொன்னாங்க, காலுக்குக் குத்துறதால வர்றதில்ல, மழை அடிச்சு மண்ணு தெறிக்கிறதும் நின்னுபோச்சு.

குறையும் இருக்கு, மறைக்கல. எந்தச் செடியிலயும் விலை ஒட்டி வைக்கல, ஒவ்வொண்ணா கேட்டுத்தான் தெரிஞ்சுக்கணும், கூட்டம் இருந்தா அதுவே அரை மணி நேரம். அங்க சிக்னல் கிடைக்காது, ஜிபே சுத்திக்கிட்டே இருக்கும், காசு கையில கொண்டு போங்க. தொட்டியும் மண்ணும் வீட்டுல இறக்குறதுக்கு ஆட்டோக்கு 150 ரூபா வாங்குனாங்க, புதன்கிழமை வரும்னு சொன்னது வெள்ளிக்கிழமை ராத்திரி கொட்டுற மழையில வந்துச்சு, மறுநாள் காலையில விருந்தாளி, வாசல் பூரா சேறு, எனக்கு நல்ல கோபம். ஒரு செம்பருத்தியில மாவுப்பூச்சி இருந்துச்சு, இலைக்கு அடியில, வாங்கும்போது நானும் பாக்கல அவங்களும் பாக்கல. போய்ச் சொன்னதும் வேற செடி மாத்திக் குடுத்தாங்க, பழச விட்டுட்டுப் போங்கன்னு சொல்லல, ஒரு லிட்டர் தண்ணிக்கு அஞ்சு மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக்கரைசல் கலந்து வாரம் ஒரு தடவை இலைக்கு அடியில படுற மாதிரி அடிங்கன்னு சொல்லி அதையும் தந்து விட்டாங்க. மூணு தடவை அடிச்சேன், இப்ப அதுவும் மொட்டு வச்சிருக்கு. ஆனா காய்கறி விதை மட்டும் அங்க வாங்காதீங்க, பீன்ஸ் விதை பத்து போட்டதுல ஒண்ணு கூட முளைக்கல, பாக்கெட் ஈரத்துலயே கிடந்திருக்கும்னு நினைக்கிறேன். செடிக்கு அஞ்சுக்கு அஞ்சு, விதைக்கு ஒண்ணு, டெலிவரிக்கு ரெண்டு.

போறதா இருந்தா வார நாள்ல காலையில பத்து மணிக்குள்ள போயிருங்க. சனி ஞாயிறு சாமிமார் வண்டி புளியரை எஸ் வளைவுல இருந்து வரிசை கட்டி நிக்கும், வண்டிய நிறுத்தவே இடம் இருக்காது. உரம் எங்க வாங்குனாலும் பையில என்ன புண்ணாக்குன்னு படிச்சுப் பாத்து வாங்குங்க, எழுதியிருக்கலன்னா வாங்காதீங்க, வாங்குனத நாய் எட்டாத உயரத்துல மூடி போட்ட டப்பாவுல வைங்க. வேலி ஓரம் ஆமணக்கு தானா முளைச்சிருந்தா விதை வைக்கிறதுக்கு முன்னாடி பிடுங்கிருங்க.

தை பிறந்ததும் ஒரு ஒட்டுப்பலா எடுக்கப் போறேன், வியட்நாம் சூப்பர் ஏர்லின்னு ஒரு ரகம் வச்சிருக்காங்க, சின்ன இடத்துலயே காய்க்குமாம். அத எங்க வைக்கிறதுன்னுதான் வீட்டுல பேச்சு நடக்குது, ஏன்னா அரளி நின்ன இடத்துல பொன்னி இப்ப குழி பறிச்சு மத்தியானம் அதுக்குள்ளதான் படுத்துக்குது.